பட்டறைக் கேள்விகள்: வைரமும் எஃகும் ஏன் ஒத்துப்போவதில்லை?

மிகக் கடினமான வெட்டுமுனைகள் பற்றி வந்த கேள்விகளில் ஒன்றையொன்று ஒட்டியவற்றை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். முதலில் இரண்டு பெயர்கள். வைரத் துகள்களைச் சேர்த்து உயர் அழுத்தத்தில் சுட்ட முனை பிசிடி. கனசதுர போரான் நைட்ரைடு என்பது சிபிஎன். அதன் துகள்களைச் சேர்த்துச் சுட்டதற்கு பிசிபிஎன் என்று பெயர். பட்டறையில் பிசிபிஎன்னையும் சிபிஎன் என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

கே: உலகத்திலேயே கடினமான பொருள் வைரம் என்கிறார்கள். 60 ராக்வெல் சி (கடினத்தன்மை அளவு) எஃகைக் கடைய வைர முனை கேட்டால், டூல் விற்பவர் சிபிஎன்னைத்தான் எடுத்துக் காட்டுகிறார். கடினம் குறைந்த பொருள் எப்படி அதிகம் உழைக்கும்?

ப: அவர் காட்டியது சரிதான். வைரம் முழுக்க முழுக்கக் கார்பன். இரும்பு சூடானால் கார்பனைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். எஃகு என்ற பொருளே அப்படித்தான் உருவாகிறது. கடையும்போது முனையும் சீவலும் உரசும் இடத்தில் வெப்பம் எளிதாக 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அங்கே வைரத்தின் மேற்பரப்பு கிராஃபைட்டாக மாறும். மாறிய கார்பனைச் சீவல் கரைத்து எடுத்துப் போகும், அடுத்த அடுக்கு வெளியே வரும், அதுவும் போகும். இது உரசித் தேய்கிற தேய்வு இல்லை, கரைகிற தேய்வு. கடினத்தன்மை இதைத் தடுக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாதாரண அழுத்தத்தில் கார்பனுக்கு உறுதியான வடிவம் கிராஃபைட்தான். வைரம் வைரமாகவே இருப்பதற்குக் காரணம், மாறுவதற்கு வேண்டிய ஆற்றல் அதற்குக் கிடைக்காததுதான். இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகிய மூன்றும் அந்தத் தடையைத் தாழ்த்திவிடுகின்றன. ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் 1954 டிசம்பரில் செயற்கை வைரம் உருவானபோதும், இன்று தொழிற்சாலைகளில் செய்யப்படும்போதும், உருகிய இவ்வகை உலோகமே உதவுகிறது. சுமார் 5 முதல் 6 கிகாபாஸ்கல் அழுத்தத்தில் அது கிராஃபைட்டை வைரமாக்கும். லேத்தில் அந்த அழுத்தம் இல்லை, வெப்பம் மட்டும் இருக்கிறது. அதனால் அதே உலோகம் வைரத்தைக் கிராஃபைட்டாக்குகிறது.

சிபிஎன்னில் கார்பன் இல்லை. அணு அமைப்பு வைரத்தினுடையதே. அணுக்கள் மட்டும் போரானும் நைட்ரஜனும். இதை ராபர்ட் வென்டார்ஃப் 1957-ல் அதே ஆய்வகத்தில் உருவாக்கினார். அறை வெப்பத்தில் இதன் கடினத்தன்மை வைரத்தின் பாதி அளவுதான். ஆனால் கெட்டிப்படுத்திய எஃகோடு எளிதில் வினை புரியாது. 1,000 டிகிரி வரை காற்றிலும் தாங்கும், மேலே மெல்லிய ஆக்சைடு படலம் காவலாகப் படிகிறது. செந்தழல் சூட்டில் யார் உறுதியாக நிற்கிறார் என்பதுதான் எஃகைக் கடைவதில் போட்டி. அதில் வைரம் முதல் சுற்றிலேயே வெளியே.

அலுமினியம், செம்பு, பித்தளை, கார்பன் இழைப் பலகை, எம்டிஎஃப் (மரநார்ப் பலகை), கிராஃபைட், சுட்டு முடித்த கார்பைடு (டங்ஸ்டன் கார்பைடைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சுட்டது) ஆகியவற்றுக்கு வைரத்துக்கு மேல் ஆள் கிடையாது. கண்ணாடி போன்ற பளபளப்பு வேண்டிய எஃகு அச்சுகளுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: எஃகின் மேல் நிக்கல்-பாஸ்பரஸ் முலாம் கெட்டியாகப் பூசி, அந்த முலாமை ஒற்றைப் படிக வைரத்தால் கடைவார்கள். நிக்கல் வைரத்தைக் கரைக்கும் உலோகமாயிற்றே என்று கேட்கலாம். முலாமில் பாஸ்பரஸ் பத்துச் சதவீதத்துக்கு மேல் இருந்தால் தேய்வு வெகுவாகக் குறைகிறது.

கே: ஒரு கேட்டலாக்கில் ராக்வெல், இன்னொன்றில் விக்கர்ஸ், மூன்றாவதில் கிகாபாஸ்கல். எதை எதோடு ஒப்பிடுவது?

ப: ராக்வெல் சி அளவுகோல் எஃகுக்கானது. 120 டிகிரி வைரக் கூம்பை 150 கிலோ விசையில் அழுத்தி, இறங்கிய ஆழத்தைப் பார்க்கிறார்கள். 68-க்கு மேல் அதை நம்ப முடியாது. கார்பைடுக்கு ராக்வெல் ஏ. அங்கே 90 முதல் 93 வரை வரும். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைக்க விக்கர்ஸ் அல்லது நூப் வேண்டும். விக்கர்ஸ் எண்ணை 9.8 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிகாபாஸ்கல்.

60 ராக்வெல் சி எஃகு என்பது ஏறத்தாழ 700 விக்கர்ஸ், அதாவது 7 கிகாபாஸ்கல். கார்பைடு 13 முதல் 20. அலுமினா செராமிக் 20-ஐ ஒட்டி. சிபிஎன் படிகம் 45 முதல் 50. துகள் சேர்த்துச் சுட்ட இன்சர்ட்டில் (ஹோல்டரில் பொருத்தும் வெட்டுத் துண்டு) கட்டுப்பொருளின் (துகள்களைப் பிணைக்கும் பொருள்) அளவைப் பொறுத்து 27 முதல் 40 வரை. பிசிடி 50-ஐ ஒட்டி, ஒற்றைப் படிக வைரம் திசையைப் பொறுத்து 60 முதல் 100 வரை. 40 கிகாபாஸ்கலைத் தாண்டிய பொருளை மீக்கடினம் என்று வகைப்படுத்துகிறார்கள். கீறிப் பார்த்து வரிசைப்படுத்தும் மோ அளவுகோலில் (வைரம் 10) 9-க்கும் 10-க்கும் இடையே ஒரு படிதான் தெரியும். உண்மையில் அந்தப் படி, 1 முதல் 9 வரை உள்ள எல்லாப் படிகளையும் சேர்த்ததைவிடப் பெரியது. அதனால் மோ எண்ணை வைத்து டூல் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கும், அதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்: முறிவுத் தாங்குதிறன். கார்பைடுக்கு 10 முதல் 20 வரை (அலகு: மெகாபாஸ்கல் பெருக்கல் மீட்டரின் வர்க்கமூலம்). பிசிடிக்கு 8 அல்லது 9. சிபிஎன்னுக்கு 5 முதல் 7. வெறும் அலுமினாவுக்கு 3 அல்லது 4. கார்பைடு வகைகளுக்குள் கடினத்தன்மை ஏற இந்த எண் பெரும்பாலும் இறங்குகிறது. முனை தேய்ந்து சாகுமா, உடைந்து சாகுமா என்பதை இரண்டாவது எண்தான் முடிவு செய்கிறது.

கே: பிசிடி முனை முழுவதும் வைரமா? பிரேஸ் செய்யும்போது (வேறு உலோகத்தை உருக்கி ஒட்டும்போது) ஏன் அவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

ப: முழுவதும் இல்லை. சாதாரணமாக அரை மில்லிமீட்டர் வைர அடுக்கு, கீழே கார்பைடு தட்டு. 5 கிகாபாஸ்கலுக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் 1,400 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலும், கீழ்த்தட்டிலிருந்து உருகிய கோபால்ட் மேலேறி வைரத் துகள்களுக்கு இடையே புகுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பிணைகின்றன. முடிந்தபின் கன அளவில் 90 சதவீதத்துக்கு மேல் வைரம், மீதி கோபால்ட்.

பயம் அந்த மீதியைப் பற்றியது. சூடாகும்போது கோபால்ட் விரிவது வைரம் விரிவதைப் போலப் பல மடங்கு. துகள்களுக்கு நடுவில் அது விரிந்து உள்ளிருந்தே நெம்பும். முதல் பதிலில் சொன்ன கிராஃபைட் மாற்றத்தையும் அதுவே தொடங்கி வைக்கும். 700 டிகிரியைத் தாண்டினால் இரண்டும் சேர்ந்து நடக்கின்றன. ஆகவே 620 முதல் 690 டிகிரிக்குள் உருகும் வெள்ளிப் பிரேஸ் கம்பியையே எடுங்கள். இண்டக்‌ஷன் சுருளின் சூடு ஷாங்கிலும் (டூலின் உடல்) கார்பைடு தட்டிலும் விழ வேண்டும். வைர அடுக்கின் மேல் நேராக விழக் கூடாது. கம்பி ஓடியவுடன் சூட்டை நிறுத்துங்கள். தண்ணீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தாமல் தானாக ஆற விடுங்கள். அதிகம் சூடான முனை வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். முதல் வேலையில் அடுக்கு சிதறும்போதுதான் தெரியவரும், பழியும் வைரத்தின் தரத்தின் மேல் விழும்.

பாறை துளைக்கும் பிட்டுகளில் அமிலம் கொண்டு அந்தக் கோபால்ட்டைக் கரைத்து எடுத்துவிடுவது உண்டு. அப்படிச் செய்தவை 1,000 டிகிரிக்கு மேலும் தாங்கும், ஆனால் அடி பட்டால் எளிதில் உடையும்.

கே: 62 ராக்வெல் சி பேரிங் எஃகு வளையத்தின் வெளிவிட்டத்தைக் கடைகிறோம். வேகம் நிமிடத்துக்கு 180 மீட்டர், ஃபீட் (ஒரு சுற்றுக்கு முனை நகரும் தூரம்) 0.1, ஆழம் 0.2 மி.மீ. வளையத்தில் ஓர் எண்ணெய்த் துளை உண்டு. கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) ஓடுகிறது. ஆறேழு வளையத்தில் விளிம்பு பொடிந்துவிடுகிறது. வேகத்தை 90-க்குக் குறைத்தும் பயனில்லை.

ப: எண்ணெய்த் துளையைச் சொன்னது நல்லதாயிற்று. விடையில் பாதி அதில் இருக்கிறது.

முதலில் இன்சர்ட்டை இருபது மடங்கு லென்ஸின் கீழ் வையுங்கள். பக்கத்தில் சீரான பட்டையாகத் தேய்ந்து, பிறகு உடைந்திருந்தால் ஒரு கதை. மேல்முகத்தில் பள்ளம் விழுந்து, அது விளிம்பைத் தொட்டு உடைந்திருந்தால் வேறு கதை. தேய்வே இல்லாமல் விளிம்பு மட்டும் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால் மூன்றாவது. விளிம்புக்குச் செங்குத்தாகச் சீப்புப் பல் போல மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அது வெப்ப அதிர்ச்சி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்திருக்கும்.

கூலண்டை உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு சுற்றிலும் துளையின் மேல் முனை காற்றில் போகிறது. அந்த நொடிக்குள் கூலண்ட் அதைக் குளிரவைக்கிறது. அடுத்த கணம் மறுபடி செந்தழல். நிமிடத்துக்குப் பல நூறு தடவை இப்படி நடந்தால் எந்தச் செராமிக் கட்டுப்பொருளும் வெடிக்கும். விட்டுவிட்டு வெட்டும் வேலைக்கு உலர் வெட்டுத்தான், வேண்டுமானால் சீவலைத் தள்ளக் காற்று மட்டும்.

இரண்டாவது, இன்சர்ட்டின் கிரேடு (கலவை வகை). உங்களிடம் இருப்பது தொடர் வெட்டுக்கான குறைந்த சிபிஎன் வகை என்று தோன்றுகிறது (அடுத்த பதிலைப் பாருங்கள்). 65 முதல் 75 சதவீதம் சிபிஎன் உள்ள நடுத்தர வகைக்கு மாறுங்கள்.

மூன்றாவது, விளிம்பின் தயாரிப்பு. சிபிஎன் இன்சர்ட்டின் விளிம்பு பிளேடு போல இருக்காது. வேண்டுமென்றே 0.1 முதல் 0.2 மி.மீ. அகலத்துக்கு 20 அல்லது 25 டிகிரி சரிவு கொடுத்து, 10 முதல் 25 மைக்ரான் வரை மழுக்கியிருப்பார்கள். இடிபடும் விளிம்பில் வெட்டு விசையை இழுவிசையாக இல்லாமல் அழுத்தமாக மாற்றுவதுதான் நோக்கம். இந்தப் பொருட்கள் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் முறியும். துளை உள்ள வேலைக்கு 0.2 மி.மீ. அகலம், 25 டிகிரி, மழுக்கலும் சேர்ந்தது என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

வேகத்தைக் குறைத்தது ஏன் உதவவில்லை? கெட்டி எஃகைச் சிபிஎன் வெட்டுவது வெப்பத்தின் துணையோடுதான். முனைக்கு முன்னால் உள்ள மெல்லிய அடுக்கு சூடாகி இளகுகிறது. அந்த இளகிய எஃகைத்தான் முனை சீவுகிறது. சரியான வேகத்தில் சீவல் செந்நிறமாகப் பறக்கும், ஆறியபின் கையால் நொறுக்கலாம். 90 மீட்டரில் அந்த இளக்கம் கிடைக்காமல் வெட்டு விசை ஏறும், விளிம்பு உதிரும். உங்கள் வேலைக்கு 120 முதல் 150 வரை வைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் செய்தும் உதிர்ந்தால் இயந்திரத்தைப் பாருங்கள். சாதாரணக் கடைசலில் வெட்டும் திசையில் உள்ள விசை பெரியது. கெட்டி எஃகில், ஆழம் குறைவாகவும் முனை ஆரம் பெரிதாகவும் இருப்பதால், வேலைப்பொருளிலிருந்து டூலை வெளியே தள்ளும் விசைதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. டூல் ஹோல்டர் வெளியே நீட்டியிருக்கும் நீளத்தை முடிந்தவரை குறையுங்கள். இன்சர்ட்டுக்கு அடியில் உள்ள ஷிம்மை (தாங்கு தகடு) கழற்றி, முந்தைய உடைவில் அது பள்ளம் விழுந்ததா என்று பாருங்கள். பள்ளத்தின் மேல் உட்காரும் இன்சர்ட் முதல் அழுத்தத்திலேயே போய்விடும். பிடிமானத்திலிருந்து வெளியே நிற்கும் நீளம் விட்டத்தைப் போல நாலு மடங்கைத் தாண்டினால் டெயில் ஸ்டாக் (மறுமுனையைத் தாங்கும் பகுதி) கொடுக்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

செலவில்லாத கடைசி உபாயம்: வளையத்தின் ஓரங்களிலும் துளையின் வாயிலும் கெட்டிப்படுத்துவதற்கு முன்பே சிறு சரிவு வெட்டி வையுங்கள். வெப்பச் சிகிச்சைக்குப் பிறகு அந்தக் கூர் ஓரம் முனையை நேராக இடிக்காது.

கே: சிபிஎன்னில் அதிகச் சதவீதம் என்றால் நல்லது, குறைந்த சதவீதம் மலிவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

ப: கூடாது. 45 முதல் 65 சதவீதம் சிபிஎன், மீதி டைட்டானியம் நைட்ரைடு அல்லது கார்பைடு சேர்ந்த செராமிக் கட்டுப்பொருள் என்றால், அது வெப்பத்தைக் குறைவாகவே கடத்தும். சூடு சீவலிலேயே நிற்கும். வேதித் தாக்குதலையும் கட்டுப்பொருள் தாங்கும். 55 முதல் 65 ராக்வெல் சி எஃகில் தொடர் வெட்டுக்கு இதுதான்: வேகம் 100 முதல் 250, ஃபீட் 0.05 முதல் 0.2, ஆழம் 0.1 முதல் 0.5.

80 முதல் 95 சதவீதம், உலோகக் கட்டுப்பொருள் என்றால் கடினமும் முறிவுத் தாங்குதிறனும் அதிகம், வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். இது சாம்பல் வார்ப்பிரும்பு, பொடி உலோகம், உருளை ஆலை ரோல்கள் போன்றவற்றுக்கு. இதையே கெட்டி எஃகில் தொடர் வெட்டுக்குப் போட்டால், விலை கூடிய இன்சர்ட் சீக்கிரம் பள்ளம் விழுந்து போவதைப் பார்க்கலாம்.

வார்ப்பிரும்பில் இரண்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். பியர்லைட் அமைப்புள்ள (ஃபெரைட்டும் இரும்புக் கார்பைடும் அடுக்கடுக்காக அமைந்த) சாம்பல் வார்ப்பிரும்பை நிமிடத்துக்கு 600 முதல் 1,000 மீட்டரில் கடையலாம்; இரும்பில் உள்ள மாங்கனீசு சல்ஃபைடு அந்த வேகத்தில் முனையின் மேல் படிந்து காவலாகிறது. ஆனால் தனி ஃபெரைட் (கார்பன் மிகக் குறைந்த மென் இரும்பு) பத்துச் சதவீதத்தைத் தாண்டினால் தேய்வு திடீரென்று ஏறும். இரண்டாவது, வார்த்த மறுநாளே கடையாதீர்கள். ஒரு வாரம் பத்து நாள் கிடந்த வார்ப்பு, இரும்பில் கரைந்திருந்த நைட்ரஜன் இடம் மாறுவதால் சற்றே உரமேறும். முனையோ குறைவாகத் தேயும். வார்ப்புப் பட்டறை அவசரப்பட்டு அனுப்பிய வாரத்தில் மட்டும் இன்சர்ட் செலவு ஏறுகிறதா என்று கணக்கைப் புரட்டினால் தெரியும்.

கே: மிஞ்சிய சிபிஎன் இன்சர்ட்டைக் கெட்டிப்படுத்தாத மென் எஃகில் போட்டோம். கார்பைடைவிட முன்னால் தேய்ந்துவிட்டது. போலிச் சரக்கா?

ப: சரக்கு சரியாகவே இருக்கும். மென் எஃகில் ஃபெரைட் நிறைய, சீவல் அறாமல் நீளமாக முனையின் மேல் ஓடும், சூடான ஃபெரைட்டுக்குள் போரானும் நைட்ரஜனும் கரையும். மேல்முகத்தில் பள்ளம் விழும். 45 ராக்வெல் சி-க்குக் கீழே சிபிஎன்னை எடுக்காதீர்கள். மேல்தோல் மட்டும் கெட்டிப்படுத்திய பாகங்களிலும் இதைக் கவனியுங்கள். கெட்டித் தோல் 0.8 மி.மீ. என்றால், அதைத் தாண்டி உள்ளே போகிற வெட்டு மென்மையான மையத்தைத் தொடும், முனை அங்கேதான் சாகும்.

கே: தொடர் வெட்டிலாவது கூலண்ட் விடலாமா?

ப: விடலாம். விட்டால் முழுதாக, நிற்காமல் விட வேண்டும். சொட்டுச் சொட்டாக விடுவது உலர் வெட்டைவிடக் கெடுதல். கூலண்ட் வேண்டியிருப்பது பெரும்பாலும் முனைக்காக இல்லை, அளவுக்காக. 100 மி.மீ. விட்ட எஃகு 10 டிகிரி சூடேறினால் 11 மைக்ரானுக்கு மேல் பெருக்கும். சூட்டோடு அளந்து சரி என்று இறக்கிய பாகம் ஆறியபின் சிறுத்துவிடும்.

கே: கிரைண்டிங்குக்குப் பதிலாகச் சிபிஎன் கடைசல் செய்யச் சொல்கிறார்கள். பளபளப்பு கிடைக்குமா?

ப: ஃபீடின் வர்க்கத்தை முனை ஆரத்தின் 32 மடங்கால் வகுத்தால் சராசரிக் கரடுமுரடின் கணக்கு வரும். ஃபீட் 0.1, ஆரம் 0.8 என்றால் 0.39 மைக்ரான். நல்ல இயந்திரத்தில் இதையொட்டிக் கிடைக்கும். ஃபீடைப் பாதியாக்கினால் கணக்கில் கால்வாசியாகும். உண்மையில் அதிர்வும் முனைத் தேய்வும் அதற்கு முன்பே குறுக்கே வரும்.

பளபளப்பை மட்டும் பார்த்து ஏமாறுவதுதான் இங்கே ஆபத்து. பக்கத் தேய்வு 0.2 மி.மீ.-ஐ எட்டிய முனையும் கண்ணுக்கு அழகான பரப்பைத் தரும். ஆனால் உரசல் சூட்டில் மேற்பரப்பு சில மைக்ரான் ஆழத்துக்கு மறுபடி கெட்டிப்பட்டு, நொறுங்கும் வெள்ளை அடுக்காகியிருக்கும். அதன் அடியில் இளகிய அடுக்கு. பேரிங், கியர் போன்ற சுழன்று தேயும் பாகங்களில் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். எத்தனை பாகத்துக்குப் பிறகு விளிம்பைத் திருப்புவது என்று எண்ணிக்கை வைத்துத் திருப்புங்கள், பரப்பு மங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கே: சிலிக்கன் கலந்த அலுமினியத்துக்கு எந்த பிசிடி துகள் அளவு?

ப: துகள் பெரிதானால் (25 மைக்ரான்) உராய்வுத் தேய்வைத் தாங்கும், விளிம்பு சற்றுக் கரடாகும். சிறிதானால் (2 மைக்ரான்) விளிம்பு கூர்மையாக நிற்கும், சீக்கிரம் தேயும். பிஸ்டன், என்ஜின் பிளாக் போன்றவற்றில் சிலிக்கன் 12 சதவீதத்தைத் தாண்டினால் அது தனிக் கடினக் கட்டிகளாக நிற்கும். அங்கே 25 மைக்ரான், வேகம் 300 முதல் 700 மீட்டர். அதற்குக் கீழே 10 மைக்ரான் போதும். 1,000 முதல் 2,500 வரை இயந்திரம் எவ்வளவு தருமோ அவ்வளவும் போகலாம். சிபிஎன்னுக்குக் கொடுத்த சரிவு இங்கே வேண்டாம். அலுமினியத்துக்குக் கூரான விளிம்பு, நேர்மறை கோணம் (மேல்முகம் விளிம்பிலிருந்து பின்னால் சரிவது). விளிம்பில் அலுமினியம் ஒட்டிப் படிந்தால் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள், குறைத்தால் இன்னும் ஒட்டும். வார்ப்பில் எஃகு லைனரோ இரும்பு செருகலோ இருந்து அதையும் பிசிடி கடக்க வேண்டியிருந்தால், என்ன ஆகும் என்பதை முதல் பதில் சொல்லிவிட்டது.

கே: நிக்கல் உலோகக் கலவைக்கு இழை கலந்த செராமிக் நன்றாக உழைக்கிறது. அதையே எஃகுக்கும் போடலாமா?

ப: போட வேண்டாம். அலுமினாவோடு கலந்திருப்பது சிலிக்கன் கார்பைடு இழை. நிக்கல் கலவைகளில் அது வெடிப்பு பரவாமல் பிடித்து நிறுத்துகிறது. சூடான இரும்போ அந்த இழையோடு வினை புரிந்து அரிக்கிறது. சிலிக்கன் நைட்ரைடு செராமிக்கும் இதே கதை: வார்ப்பிரும்பில் சிறப்பு, எஃகில் வீண். வைரத்துக்குச் சொன்ன கணக்குத்தான் இங்கும். முனையின் கடினத்தை மட்டும் பார்த்து, வேலைப்பொருளில் என்ன உலோகம் இருக்கிறது என்று பார்க்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

கே: வைரத்தை வைரம்தான் வெட்டும் என்றால், இரண்டும் சமமாகத்தானே தேய வேண்டும்?

ப: வைரத்தின் கடினம் எல்லாத் திசையிலும் ஒன்றில்லை. கனசதுர முகத்தில், கனசதுரத்தின் விளிம்புக்கு இணையாகத் தேய்த்தால் எளிதாக மெருகேறும். மூலைவிட்டத் திசையில் தேய்த்தால் அநேகமாக ஒன்றுமே நடக்காது. தேய்வு வேகத்தில் பல பத்து மடங்கு வித்தியாசம். மெருகுச் சக்கரத்தில் எண்ணெயோடு பூசிய வைரத் தூளில் ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு திசையைக் காட்டும். எப்போதும் சில துகள்கள் தம் கடினத் திசையைக் காட்டி நிற்கும். மெருகிடுபவர் கல்லின் இளகிய திசையைப் பார்த்துப் பிடிக்கிறார். தூளும் தேயத்தான் செய்கிறது. அது செலவுப் பொருள், புதிதாகப் பூசுகிறார்கள். ஒற்றைப் படிக வைர டூல் செய்பவர்கள் இதையே திருப்பிப் பயன்படுத்தி, உரசல் விழும் முகத்தில் கடினத் திசை வருமாறு படிகத்தைத் திருப்பி வைக்கிறார்கள்.

கே: வைரத்தைவிடக் கடினமான பொருள் கண்டுபிடித்ததாக அடிக்கடி செய்தி வருகிறது. பட்டறைக்கு எப்போது வரும்?

ப: அந்தச் செய்திகளில் பல, கணினிக் கணிப்புகள். அளந்ததாக வருபவற்றிலும் ஒரு சிக்கல்: அழுத்திப் பார்க்கும் ஊசியே வைரம். சோதிக்கும் பொருள் ஊசியைவிடக் கடினம் என்றால் வளைவது ஊசி. அப்போது கிடைக்கும் எண்ணை எப்படி நம்புவது?

வந்தே விட்ட ஒன்று உண்டு. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகக் குழு 2003-ல் கிராஃபைட்டைக் கோபால்ட் எதுவும் இல்லாமல், 2,300 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் பிசிடிக்குத் தேவையானதைப் போல இரு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் நேராக நானோ அளவு வைரத் துகள்களாக மாற்றிக் காட்டியது. ஒற்றைப் படிகம்போல ஒரு திசையில் பிளவதும் இல்லை, பிசிடிபோல கோபால்ட் நெம்புவதும் இல்லை. இதில் செய்த முனையால் கார்பைடு அச்சுகளைக் கடைகிறார்கள். எஃகை மட்டும் இதனாலும் கடைய முடியாது. எவ்வளவு கடினமானாலும் அது கார்பன்தானே!

கே: மழுங்கிய பிசிடியையும் சிபிஎன்னையும் சாணை பிடிக்கலாமா? வயர் கட் (கம்பியின் மின்பொறியால் வெட்டுவது) ஒத்துவருமா?

ப: பிசிடியை வைரச் சக்கரத்தில், கெட்டியான கிரைண்டரில், கூலண்டோடு பிடிக்கலாம். பிசிடியைவிடச் சக்கரம்தான் அதிகம் தேயும் என்பதைக் கணக்கில் வையுங்கள். கோபால்ட் மின்சாரத்தைக் கடத்துவதால் வயர் கட் ஒத்துவரும். வெட்டியபின் வெப்பம் பட்ட மேல்தோலைச் சில மைக்ரானாவது அரைத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் விளிம்பு அங்கிருந்து உதிரும். சிபிஎன் துகள் மின்சாரத்தைக் கடத்தாது. உலோகமோ டைட்டானியம் நைட்ரைடோ கட்டுப்பொருளாக இருக்கும் வகைகளில் மட்டும் வயர் கட் நடக்கும். ஆவிப் படிவு முறையில் வளர்த்த தூய வைரத் தகட்டில் கோபால்ட் இல்லை, அங்கே லேசர்தான். சாணை பிடித்த சிபிஎன்னில் பழைய சரிவும் மழுக்கலும் போயிருக்கும். அவற்றை மறுபடி போடாமல் இயந்திரத்தில் மாட்ட வேண்டாம்.